குதிரையைக் கேட்காமல் எழுதிய நான்கு வரி

அந்தச் செய்தி மொத்தம் நான்கு வரி. தெற்குக் கொல்கத்தாவில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக நான் மாதம் ஒரு முறை தயாரிக்கும் நான்கு பக்கத் தாளின் கடைசிப் பக்கத்தில், பூஜை நேரங்களுக்கும் வாடகைக்கு வீடு தேடுபவரின் விளம்பரத்துக்கும் நடுவில் வந்தது.

"நம் நெடுநாள் நண்பர் டாக்டர் அவர்கள் நிரந்தரமாகத் தமிழ்நாடு திரும்புகிறார். அடுத்த மாதம் முதல் சென்னையில் மகனுடன் வசிப்பார். அவருக்கு மாதக் கடைசி ஞாயிறு மாலை வழியனுப்பு விழா நடைபெறும். அனைவரும் குடும்பத்துடன் வருக."

எழுத்துப் பிழை இல்லை. நாள் சரி, இடம் சரி. செய்திதான் தவறு.

முப்பத்தோரு வருடம் ஓர் ஆங்கில நாளிதழில் மற்றவர்களின் பிரதியைத் திருத்தியவன் நான். ஓய்வு பெறும்போது தலைமை உதவி ஆசிரியர். இங்குள்ள தமிழர்கள் என்னை எடிட்டர் சார் என்று கூப்பிடுகிறார்கள். நான் ஒருநாளும் எடிட்டராக இருந்ததில்லை. அதேபோல அவரும் டாக்டர் இல்லை. ராணுவத்தின் கால்நடைப் பிரிவில் மருத்துவருக்கு உதவியாளராக இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவர். பிறகு ரேஸ் கோர்ஸ் பக்கத்தில் ஒரு லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வேலூர்ப் பக்கத்துக்காரர். மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. டாக்குரியா ஸ்டேஷனை ஒட்டி இரண்டு அறை வீடு. லோக்கல் ரயில் போகும்போதெல்லாம் சமையலறைத் தட்டுகள் ஒன்றோடு ஒன்று உரசும். அவர் அதைக் கவனிப்பதே இல்லை. நான் போனால் ஒவ்வொரு முறையும் அலமாரியைத் திரும்பிப் பார்ப்பேன்.

அந்தத் தாளில் எனக்கென்று ஒரு பகுதி உண்டு. ஆங்கில மரபுத்தொடர் ஒன்றை எடுத்து, பொருள் என்ன, எங்கிருந்து வந்தது என்று அரைப் பக்கம் எழுதுவேன். இங்கே வளரும் பிள்ளைகளுக்கு வங்காளம் சரளமாக வருகிறது, ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் வருகிறது, தமிழ் வீட்டுக்குள் அம்மா திட்டும்போது வருகிறது. ஆங்கிலத்தைக் காட்டித் தமிழ் படிக்க வைக்கலாமே என்ற நப்பாசை. படித்தவர்கள் பிள்ளைகள் அல்ல, அவர்களுடைய அப்பாக்கள் என்பது வேறு விஷயம்.

அந்த இதழுக்கு நான் எடுத்துக்கொண்ட தொடர் 'ஸ்ட்ரெய்ட் ஃப்ரம் த ஹார்ஸஸ் மவுத்'. குதிரையின் வாயிலிருந்தே நேராக. ஒரு செய்தியை நாலு பேர் சொல்லிக் கேட்காமல், சம்பந்தப்பட்டவரிடமிருந்தே அறிந்தோம் என்பதற்கு ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். பத்திரிகை அலுவலகத்தில் தினமும் காதில் விழுந்த தொடர். ஆனால் ஏன் குதிரை, ஏன் வாய் என்று நான் யோசித்ததில்லை. காலையில் ஏரியைச் சுற்றி நடக்கும்போது டாக்டரிடம் கேட்டேன். நாங்கள் இருவரும் ஏழு வருடமாக அங்கே சேர்ந்து நடந்தோம்.

"இதைப் பேசிப் புரிய வைக்க முடியாது சார். ஞாயித்துக்கிழமை மைதானத்துக்கு வாங்க. வாயைத் திறந்து காட்டறேன்," என்றார்.

"உங்க வாயையா?"

"என் வாயைப் பாத்து என்ன பண்ணப் போறீங்க? பாதி பல்லு செட்டு."

ஞாயிறுகளில் அவர் மைதானத்துக்குப் போவார் என்று தெரியும். விக்டோரியா நினைவு மண்டபத்துக்கு எதிரே சவாரிக்கு நிற்கும் அலங்கார வண்டிகளின் குதிரைகளை அவர் பார்த்துவிட்டு வருவார். புண்ணுக்கு மருந்து போடுவார், லாடம் சரியாக இருக்கிறதா என்று கால் தூக்கிப் பார்ப்பார். யாரும் அவரை அழைத்ததாகத் தெரியவில்லை. வேண்டாம் என்று சொன்னதாகவும் தெரியவில்லை. துணியில் சுற்றிய நீளமான அரம் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு போவார். குதிரைக்குக் கடைவாய்ப்பல் வளர்ந்துகொண்டே இருக்கும், விளிம்பு கூராகி உள்கன்னத்தைக் கிழிக்கும், அதைத் தேய்த்துவிட அந்த அரம்.

நான் போனபோது ஒரு வெள்ளைக் குதிரையின் பக்கத்தில் நின்றிருந்தார். அதன் தலையில் மயில்தோகை, கழுத்தில் பிளாஸ்டிக் பூமாலை. வண்டிக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும், பீகாரிலிருந்து வந்தவர். இந்தியில் பேசினார்.

"குதிரைக்கு வயசு என்னப்பா?" என்று டாக்டர் எனக்காக அவரைக் கேட்டார்.

"எட்டு, டாக்டர் சாப்."

டாக்டர் குதிரையின் மேலுதட்டை விரலால் தூக்கினார். அது அவர் கைக்குப் பழகியது போல அசையாமல் நின்றது. மேல்வரிசையின் ஓரப் பல்லைக் காட்டினார். அதில் பழுப்பு நிறத்தில் ஒரு பள்ளக்கோடு ஈறிலிருந்து கீழே இறங்கியிருந்தது.

"இந்தக் கோடு பத்து வயசுல ஈறுக்குப் பக்கத்துல தலைகாட்டும். பாதிப் பல்லு வந்தா பதினஞ்சு. முழுசா வந்துட்டா இருபது. இது பாதியைத் தாண்டிடுச்சு பாருங்க. பதினாறுக்குக் கொறையாது."

வண்டிக்காரர் கொஞ்சமும் அசரவில்லை. "சவாரி வர்றவங்களுக்கு எட்டு, டாக்டர் சாப். உங்களுக்குப் பதினாறு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அது அவர்களுக்குள் பழைய விளையாட்டு என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

"பாத்தீங்களா? விக்கறவன் ஒரு வயசு சொல்லுவான், தரகன் ஒரு வயசு சொல்லுவான். குதிரைய நேராப் பாத்தாத்தான் தெரியும்," என்றார் டாக்டர். "அதுலயும் ஏமாத்துவாங்க. கீழ்ப்பல்லு மேல சின்னக் குழி இருக்கும், எட்டு வயசுக்குள்ள தேஞ்சு போயிடும். பழுக்கக் காய்ச்சின கம்பியால சுட்டுக் கறுப்பா ஒரு குழி பண்ணி, சின்ன வயசுக் குதிரைன்னு வித்துடுவான். அதனால ஒரு பல்லை மட்டும் பாத்துட்டுச் சொல்லக்கூடாது. வாய் முழுக்கப் பாக்கணும். உங்க பேப்பர்ல போடுவீங்களே, நம்பத்தகுந்த வட்டாரங்கள்னு. அவன்லாம் தரகன் சார்."

கட்டுரை நன்றாக வந்தது. வழக்கமாக இரண்டு விளக்கங்கள் சொல்கிறார்கள் என்று எழுதினேன். ஒன்று, டாக்டர் காட்டிய பல். மற்றொன்று குதிரைப் பந்தயம். எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று துப்புக் கொடுப்பவர்களில், வாசலில் நிற்பவனைவிட லாயத்தில் வேலை பார்ப்பவனுக்கு மதிப்பு அதிகம், அவனைவிட ஜாக்கிக்கு அதிகம். ஜாக்கியையும் தாண்டி இன்னும் உள்ளே போனால் மிச்சம் இருப்பது குதிரைதான். அதுவே சொன்ன துப்பு என்று பந்தயக்காரர்கள் வேடிக்கையாகச் சொன்னது, பந்தயச் செய்திகள் வழியே பொதுப் பேச்சுக்கு வந்திருக்க வேண்டும். இரண்டாவதைத்தான் அறிஞர்கள் அதிகம் நம்புகிறார்கள். முதலாவதுதான் எனக்குப் பிடித்திருந்தது. 'இரண்டிலும் செய்தி ஒன்றே: உரியவரிடம் போய்க் கேள்' என்று முடித்திருந்தேன். அது இரண்டாம் பக்கம். நான்காம் பக்கத்தில் அந்த நான்கு வரி.

அந்தச் செய்தி எனக்கு எப்படிக் கிடைத்தது என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். லேக் மார்க்கெட்டில் காப்பிப்பொடி அரைத்துக் கொடுப்பவர், டாக்டர் இந்த மாதம் பாதிதான் வாங்கினார், ஊருக்குக் கிளம்புகிறார் போல என்றார். டாக்டரின் கீழ்வீட்டு வங்காளி அம்மாள், வாசலில் டெம்போ வந்து இரும்பு பீரோவையும் தையல் மெஷினையும் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்ததாகச் சொன்னார். எங்கள் சங்கத்தின் செயலாளர், சென்னையிலிருந்து டாக்டரின் மகன் தன்னைக் கூப்பிட்டு, அப்பா வீட்டை விற்க நல்ல தரகர் யாராவது உண்டா என்று விசாரித்ததாகச் சொன்னார். சொல்லிவிட்டு, "அப்ப கடைசி ஞாயித்துக்கிழமையே விழாவை வெச்சுடலாம் சார். ஹால் காலியா இருக்கு," என்றார்.

மூன்று பேர். மூன்றும் நடந்தவைதான். டாக்டர் காப்பியைக் குறைத்தது வயிற்று எரிச்சலால். பீரோவும் மெஷினும் மனைவியுடையவை. கரக்பூரில் இருக்கும் மகளுக்கு அனுப்பினார். தரகரை விசாரித்தது மகனின் ஆசை, அப்பாவுக்குத் தெரியாது. இதெல்லாம் நான் பிறகு அறிந்தது.

அப்போது சந்தேகமே வரவில்லை. இங்கே அது வழக்கம். ஓய்வு பெற்ற தமிழரைப் பார்த்தால் முதல் கேள்வியே "எப்ப கிளம்பறீங்க?" என்பதுதான். மத்திய அரசு, துறைமுகம், ராணுவம் என்று மாற்றலில் வந்தவர்கள் நாங்கள். வந்தவர்கள் போவார்கள். சால்வை, சந்தன மாலை, குரூப் போட்டோ, பெட்டியில் புளியோதரையும் கேசரியும். இருபது வருடத்தில் அப்படி எத்தனையோ பேரை அனுப்பி வைத்திருக்கிறோம். விழா முடிந்தபின் யாரும் இங்கே தங்குவதில்லை. ஒருவர் மட்டும் ஏதோ காரணத்தால் பயணத்தை மூன்று மாதம் தள்ளிப்போட்டார். கரியாஹாட் சந்தையில் அவரைப் பார்த்தவர்களெல்லாம் "என்ன சார், இன்னும் போகலியா? சால்வையைத் திருப்பிக் கேக்கறாங்க," என்று கிண்டல் செய்தார்கள். கடைசியில் அவர் காய்கறி வாங்கக்கூடச் சந்து வழியாகப் போனார்.

இந்த மூன்று செய்திகளும் காதில் விழுந்த அந்த வாரத்தில் ஆறு காலைகள் நான் டாக்டரோடு நடந்தேன். மாமரத்தில் பூ வந்ததைப் பற்றிப் பேசினோம், முட்டி வலியைப் பற்றிப் பேசினோம். இதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. பிரிவது கஷ்டம், அதனால் சொல்லாமல் இருக்கிறார் என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். நாசூக்கு என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். என்னிடம் வேலை பார்த்த பயிற்சி நிருபர் யாராவது இப்படி ஒரு பிரதியைக் கொண்டுவந்து நீட்டியிருந்தால், "அவரைக் கேட்டியா?" என்ற ஒரே கேள்வியோடு திருப்பி அனுப்பியிருப்பேன். அனுப்பியிருக்கிறேன், நூறு தடவை.

தாள் அச்சாகி வந்த அன்றே செயலாளர் அதைப் படமெடுத்து வாட்ஸாப்பில் எல்லோருக்கும், சென்னையில் டாக்டரின் மகனுக்கும் சேர்த்து, போட்டார். மறுநாள் ஏரியில் டாக்டர் ஒரு சுற்றோடு நடையை நிறுத்தினார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எடிட்டர் சார், நான் எப்பக் கிளம்பறேன்?"

வேடிக்கை செய்கிறார் என்று நினைத்தேன். "அடுத்த மாசம்தானே?"

"சரி. எந்த வண்டின்னு போட்டிருந்தா சௌகரியமா இருந்திருக்கும்."

அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. பிரதியில் பிழை கண்டுபிடிக்கும் கண் அது, அச்சான பிறகுதான் வேலை செய்தது. யார் யார் என்ன சொன்னார்கள் என்று அவரிடம் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வயிற்று எரிச்சல், கரக்பூர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"காலைல பையன் போன் பண்ணான் சார். அழுதுட்டான். அவங்க அம்மா போனதுலேருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். நான் பாக்கலாம் பாக்கலாம்னு ரெண்டு வருஷம் ஓட்டிட்டேன். 'அப்பா, என்கிட்டகூட சொல்லாம முடிவு பண்ணிட்டீங்களா'ங்கறான். மருமக ரூமுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் சொல்லிடுச்சாம். பேத்தி குறுக்கே பூந்து, 'தாத்தா, சன்னலோரம் எனக்கு'ங்குது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? வண்டில கூட்டமா இருக்கும், டிக்கெட் கெடைக்கணுமேன்னேன்."

"திருத்தம் போட்டுடறேன். அடுத்த இதழ் வரைக்கும் வேண்டாம், இன்னிக்கே வாட்ஸாப்புல," என்றேன்.

"என்னன்னு போடுவீங்க? டாக்டர் பையன் வீட்டுக்குப் போகலைன்னா?"

"தவறான தகவல், வருந்துகிறோம்னு."

"நீங்க வருந்துவீங்க. பையன் அதைப் படிப்பான் சார். இத்தனை நாள் நான் போன்ல மழுப்பினது வேற. அப்பாவுக்கு வர இஷ்டம் இல்லைன்னு அச்சுல பாக்கறது வேற. விடுங்க."

நான் விட்டுவிட்டேன். அந்தப் பெஞ்சில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். திருத்தத்தை எப்படி வார்த்தைப்படுத்தினால் மகன் மனம் நோகாது என்று யோசித்தேன். மூன்று வடிவங்கள் தோன்றின. மூன்றையும் சொல்லிக் காட்டினேன். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அவருடைய விருப்பம் என்ன என்று அப்போதும் நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

விழாவில் இன்னொரு வாய்ப்பு இருந்தது. பாராட்டிப் பேச என்னைத்தான் அழைத்தார்கள். எழுபது பேர் இருந்தார்கள். மைக்கைப் பிடித்து, "இந்தச் செய்தி என் தவறு, இவர் எங்கேயும் போகவில்லை, கேசரி சாப்பிட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்," என்று சொல்லியிருக்கலாம். சிரித்திருப்பார்கள். இரண்டு மாதம் கிண்டல் செய்திருப்பார்கள், அவரையல்ல, என்னை. அது எனக்குத் தோன்றவும் செய்தது. ஆனால் சட்டைப் பையில் எழுதி வைத்த பேச்சு இருந்தது. ஆறு நிமிடம். ஏரி, மைதானம், குதிரையின் பல் எல்லாம் அதில் இருந்தன. கைதட்டல் வந்தது.

டாக்டரைப் பேசச் சொன்னார்கள். சால்வையோடு எழுந்தார். "எல்லாரும் ஆசையா அனுப்பி வெக்கிறீங்க. கெளம்பறேன்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். போட்டோவில் நான் அவருக்கு வலது பக்கம் நிற்கிறேன். அவர் கேமராவைப் பார்க்கவில்லை, தோளிலிருந்து நழுவும் சால்வையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஹவுராவில் ரயில் ஏற்றிவிடச் செயலாளரும் நானும் போனோம். இரண்டு பெட்டி, ஒரு பை. செயலாளர் தண்ணீர் பாட்டில் வாங்கப் போன நேரத்தில் டாக்டர் ஜன்னல் வழியாக, "முட்டிக்கு அந்த எண்ணெயைத் தேய்ங்க. இனிமே மெதுவா நடங்க, வேகமா நடக்க ஆள் இல்லை," என்றார். ரயில் சரியான நேரத்துக்குப் புறப்பட்டது.

சென்னையில் அவருக்குப் பதினோராவது மாடி. முதல் மாதம் வாரம் இரண்டு முறை பேசினோம். மகன் நன்றாகப் பார்த்துக்கொள்கிறான், மருமகள் நல்ல பெண், பேத்தி விடுவதே இல்லை என்பார். அவற்றில் எதையும் நான் சந்தேகிக்கவில்லை. பிறகு வாரம் ஒன்று, அதற்குப் பிறகு பண்டிகைக்கு. டாக்குரியா வீடு விலைபோனது. வாங்கியவர்கள் முன் சுவருக்கு மஞ்சள் அடித்திருக்கிறார்கள்.

டிசம்பரில் ஊரிலிருந்து வந்த உறவினர்களுக்கு விக்டோரியாவைக் காட்டப் போனேன். அதே வண்டி, அதே வெள்ளைக் குதிரை. வண்டிக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "டாக்டர் சாப் எப்ப வர்றார்?" என்றார்.

"அவர் போயிட்டாரே. இனி வரமாட்டார்."

"இல்லையே. குளிர்காலத்துக்குள்ள வந்துடறேன்னு சொன்னாரே," என்றவர் வண்டியின் இருக்கையைத் தூக்கி அடியிலிருந்து துணிச் சுருள் ஒன்றை எடுத்துக் காட்டினார். அரம். "இதை வெச்சுக்க, வந்து வாங்கிக்கறேன்னார்."

துணி சுத்தமாக இருந்தது. துவைத்து மறுபடி சுற்றியிருக்க வேண்டும். எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் திரும்ப வருகிறார். என் நான்கு வரியை அவரே அழித்துவிடப் போகிறார். உறவினர்கள் சவாரி போய்வந்த அந்த இருபது நிமிடத்தில், செயலாளருக்குச் சொல்ல வேண்டும், ஏரிக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஓர் அறை பார்க்க வேண்டும் என்றெல்லாம் கணக்குப் போட்டேன். செயலாளரின் எண்ணைத் தேடியும் எடுத்துவிட்டேன். அழுத்தவில்லை.

மறுநாள் காலை ஏரிக்கரைப் பெஞ்சிலிருந்து டாக்டரைக் கூப்பிட்டேன்.

"மைதானத்துல உங்க அரத்தைப் பாத்தேன் டாக்டரே. திரும்பி வர்றதா சொல்லிட்டுப் போனீங்களாமே?"

மறுமுனையில் லிஃப்ட் கதவு மூடும் சத்தம் கேட்டது.

"அது ஒண்ணும் இல்லை சார். அவன் கேட்டான்."

"என்ன கேட்டான்?"

"ஊருக்குப் போறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை சொல்லிக்கப் போனேன். 'டாக்டர் சாப், உங்களுக்குப் போறதுக்கு இஷ்டமா?'ன்னான். அதுவரைக்கும் யாரும் கேக்கலையா, எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. இல்லைப்பான்னு சொல்லிட்டேன். சொன்னதுக்கு அப்புறம் சும்மா வர முடியலை. வந்துடறேன்னு அரத்தைக் கொடுத்துட்டு வந்தேன்."

நாங்கள் இருவரும் ஏரியைச் சுற்றி நடந்த நாட்களைக் கணக்கிட்டால் இரண்டாயிரத்துக்கு மேல் வரும். வண்டிக்காரர் அவரை வாரம் ஒரு முறைதான் பார்த்தார்.

"இப்ப நான் கேக்கறேன்," என்றேன். "அங்கேயே இருக்க உங்களுக்கு இஷ்டமா?"

"இப்பவா?" அவர் சிரித்தார். "ஸ்கூல் பஸ் வந்துடுச்சு சார். பேத்தி கையை இழுக்கறா. அப்புறம் பேசறேன்."

இணைப்பு துண்டானது. கேள்விக்குப் பதில் வராவிட்டால், சம்பந்தப்பட்டவர் கருத்துக் கூற மறுத்துவிட்டார் என்று ஒரு வரி சேர்ப்பது எங்கள் தொழில் வழக்கம். இங்கே அந்த வரியைச் சேர்க்க முடியாது. அவர் மறுக்கவில்லை. எட்டு மாதம் முன்னால் இதே பெஞ்சில், பஸ்ஸுக்கு அவசரமில்லாமல், கால் மணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.